குண்டலகேசிக்கு ஒரு பாளிச் சாட்சி

குண்டலகேசியை இயற்றியவர் நாதகுத்தனார். ஐம்பெருங்காப்பியங்களின் பட்டியலோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த பெயர் அது. சிலப்பதிகாரத்துக்கும் மணிமேகலைக்கும் நூல் இருந்தது, படித்தோம். குண்டலகேசிக்கு ஆசிரியர் பெயர் மட்டும் இருந்தது. நூலே இல்லாத காப்பியத்துக்கு ஆசிரியரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாத்தியார் என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரியாது.

புலம்பெயர்ந்து வந்து பல வருடங்களுக்குப் பிறகு, நண்பரொருவர் வீடு மாறும்போது கொடுத்த புத்தகப் பெட்டியில் பழைய விழா மலர் ஒன்று கிடந்தது. தமிழரும் பௌத்தமும் பற்றிய கட்டுரை ஒன்று அதில் இருந்தது. குண்டலகேசியை எழுதியவர் நாகசேனர் என்னும் பிக்கு என்று பாளி நூலொன்று கூறுவதாக அந்தக் கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டு மணிமேகலைக்குப் போய்விட்டது. அடிக்குறிப்பில் ‘விமதிவினோதனீ’ என்ற ஒற்றைச் சொல். பக்கம் இல்லை, அதிகாரம் இல்லை, பதிப்பு இல்லை. ஒரு ஊரின் பெயரை மட்டும் சொல்லி அங்கே போய் என் மாமாவைத் தேடு என்பது போல.

நான் பாளி அறிஞன் அல்ல. வேலை முடிந்த பின்னேரங்களில் அகராதியும் இலக்கணமும் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிப்பவன். ஆகவே இந்தத் தேடலில் நான் விட்ட பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன். பௌத்த நூல் மேற்கோள் ஒன்றைத் தேடிப் போகும் எவரும் அநேகமாக இதே பள்ளங்களில்தான் விழுவார்கள்.

முதல் பள்ளம் பெயர். நாகசேனர் என்று தேடினால் எல்லா வழியும் மிலிந்த பஞ்ஹாவுக்குத்தான் போகும். கிரேக்க அரசன் மெனாந்தரோடு, பாளியில் மிலிந்தனோடு, கேள்வி பதில் நடத்திய நாகசேனர் அவர். தமிழுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே பெயரைப் பல பிக்குகள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் சூடிக்கொண்டார்கள். புத்தமித்திரர், தம்மபாலர், காசபர் எல்லாம் அப்படித்தான். பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. நூலைப் பிடிக்க வேண்டும், நூலுக்குள் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது பள்ளம் ஆழமானது. ‘பாளி நூலொன்று’ என்றால் எந்த அடுக்கு நூல்? அடியில் இருப்பது திபிடகம்: விநயம், சுத்தம், அபிதம்மம் என்ற மூன்று. அதற்கு மேல் அட்டகதா என்ற உரை. 5ஆம் நூற்றாண்டளவில் புத்தகோசரும் அவர் வழிவந்தவர்களும், அனுராதபுரத்தில் இருந்த பழைய சிங்கள உரைகளை ஆதாரமாக வைத்துப் பாளியில் எழுதியவை இவை. மகா அட்டகதா, மகாபச்சரி, குருந்தி என்று அவர்கள் பெயர் சொல்லிக் காட்டும் அந்தப் பழைய உரைகள் எதுவும் இன்று இல்லை. அட்டகதாவுக்கு மேல் டீகா, அதாவது உரைக்கு உரை. விமதிவினோதனீ இந்த மூன்றாவது அடுக்கைச் சேர்ந்தது. விநய பிடகத்துக்குப் புத்தகோசர் பெயரில் வழங்கும் சமந்தபாசாதிகா என்ற உரை இருக்கிறது. அதற்கு எழுந்த டீகாக்களில் ஒன்று இது. எழுதியவர் சோழநாட்டுக் காசபர். பாளி மரபு அவரைச் ‘சோளிய கஸ்ஸப’ என்றே குறிக்கும். அபிதம்மத்துக்கு மோகவிச்சேதனீ எழுதியவரும் அவர்தான்.

இலங்கையில் பிறந்தவர்களுக்கு இந்த அடுக்குக் கணக்கு வெறும் படிப்பு விஷயமல்ல. துட்டகைமுனு போரில் கொன்ற பல்லாயிரவரில் ஒன்றரை மனிதர்தான் மனிதர் என்று அரகந்தர்கள் அவனைத் தேற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். பௌத்தம் இப்படித்தான் சொல்கிறது என்று நம்மவர்கள் ஆத்திரத்தோடு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். வேறு சிலர் வேறு நோக்கத்தோடு காட்டியிருக்கிறார்கள். அது மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரம். மகாவம்சம் திபிடகமும் அல்ல, அட்டகதாவும் அல்ல. ஒரு விகாரையின் நோக்கில் எழுதப்பட்ட வரலாற்றுக் காவியம். புத்தர் வாயில் வைக்கப்பட்ட வார்த்தைக்கும், ஆயிரம் வருடம் கழித்து ஒரு பிக்கு எழுதிய செய்யுளுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஓர் ஒழுங்கான அடிக்குறிப்பு காட்டிவிடும். அந்தத் தூரம் தெரியாமல் போனதற்கு எங்கள் தலைமுறை கொடுத்த விலை சின்னதல்ல. ஆனால் மற்றவர்களிடம் அடிக்குறிப்புக் கேட்பவர்கள் தங்களுடையதையும் சரிபார்க்க வேண்டுமே. நாகசேனர் விஷயத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதுதான்.

பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும் விதம் விசித்திரமானது. ‘இது சொல்லப்பட்டிருக்கிறது’ என்ற பொருளில் ஒரு சொற்றொடரைப் போட்டுவிட்டு நேரே மூலத்தை எடுத்துச் சொல்வார்கள். எங்கே, யாரால் என்பது பெரும்பாலும் வராது. கேட்பவனுக்கு மனப்பாடம் என்ற நம்பிக்கை. நீண்ட பகுதியாக இருந்தால் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் சொல்லி நடுவே ‘பே’ என்று ஓர் எழுத்து வைப்பார்கள். மிச்சத்தை நீயே நிரப்பிக்கொள் என்று அர்த்தம். நம்முடைய பழைய உரைகாரர்களும் நூற்பெயர் சொல்லாமல் ‘என்றார் பிறரும்’ என்று போகிறவர்கள்தான். மனப்பாடம் செய்த சமூகம் இருக்கும்வரை அது மேற்கோள். அந்தச் சமூகம் கலைந்த பிறகு அது புதிர்.

அச்சுப் பதிப்புகள் வந்தபோது புதிர் எண்களாக மாறியது. ரைஸ் டேவிட்ஸ் 1881இல் லண்டனில் தொடங்கிய பாளி நூற்கழகம் ரோமன் எழுத்தில் நூல்களை அச்சிட்டது. மேலைநாட்டு ஆய்வாளர்கள் இன்றுவரை அந்தப் பதிப்புகளின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையுமே காட்டுகிறார்கள். சயாமில் சூளாலங்கர்ண மன்னர் 1893இல் தாய் எழுத்தில் 39 தொகுதிகளாக ஒரு பதிப்பை வெளியிட்டார். 1954 முதல் 1956 வரை ரங்கூனில் நடந்த ஆறாவது சங்காயனம் பர்மிய எழுத்தில் இன்னொரு பதிப்பைத் தந்தது. இலங்கையில் புத்த ஜயந்தியை ஒட்டிச் சிங்கள மொழிபெயர்ப்போடு வேறொரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் பக்கங்கள் வேறு.

குண்டலகேசியையே எடுத்துக்கொள்ளலாம். விரைந்து ஞானம் பெற்ற பிக்குணிகளில் முதன்மையானவள் பத்தா குண்டலகேசா என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது. ஓர் ஆய்வாளர் இதை அங்குத்தரம், முதல் தொகுதி, 25ஆம் பக்கம் என்று காட்டுவார். இன்னொருவர் அங்குத்தரம் 1.243 என்பார். முதலாவது லண்டன் அச்சின் பக்கம். இரண்டாவது, ஒன்றின் நிபாதத்தில் 243ஆவது சுத்தம். இரண்டும் ஒரே வரிதான். முறை தெரியாதவர் இரண்டு ஆதாரங்கள் என்று எண்ணிவிடுவார். அவள் பாடியதாக உள்ள பாடல்கள் தேரீகாதையில் 107 முதல் 111 வரை. இங்கே பக்கமும் இல்லை, சுத்தமும் இல்லை, செய்யுள் எண். அவளுடைய முழுக் கதையும் மூலத்தில் இல்லை, உரைகளில்தான் இருக்கிறது. கள்வனைக் காதலித்து மணந்து, நகைக்காகத் தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கொண்டுபோன அவனைத் தானே தள்ளிக் கொன்று, பரிவிராசிகையாகி, நாவல் கிளையை மணலில் நட்டு ஊர் ஊராக வாதுக்கு அழைத்து, கடைசியில் சாரிபுத்தரின் ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் நின்றவள். தேரீகாதைக்கு உரை எழுதிய தம்மபாலர் இருந்த பதரதித்த விகாரை, இலங்கைக்கு அருகே தமிழ்நாட்டில் உள்ளது என்று சாசனவம்சம் சொல்கிறது. அப்படியானால் அவளுடைய பாளிக் கதையைச் சொன்னவர்களிலும் ஒருவர் நம் கடற்கரையில் இருந்தவர்.

விமதிவினோதனீக்கு லண்டன் பதிப்பு இல்லை என்பது அடுத்த சிக்கல். வேறு பாளி நூல்களுக்குப் பழகிய தொகுதியும் பக்கமும் இங்கே உதவாது. பர்மியப் பதிப்பைத்தான் நம்ப வேண்டும். நல்லகாலம், இகத்புரியில் உள்ள விபஸ்ஸனா ஆய்வு நிறுவனம் பர்மியப் பதிப்பு முழுவதையும் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பல எழுத்துகளில் அதை வாசிக்கலாம். நான் அதைப் பயன்படுத்தத் தொடங்கிய நாளில் தேவநாகரி, சிங்களம், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் பட்டியலில் இருந்தன, தமிழ் இல்லை. பாளியின் க, ஃக வரிசைகளை எழுத நம்மிடம் எழுத்துப் போதாது என்பது காரணமாக இருக்கலாம். ஒரு தமிழ்க் காப்பியத்தைப் பற்றிய சாட்சியத்தைச் சிங்கள எழுத்தில் திறந்து வாசித்தேன். சிறு வயதில் கடைப் பெயர்ப் பலகைகளில் கற்ற எழுத்து இப்படி உதவும் என்று நினைத்ததில்லை.

அந்தப் பதிப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மூல நூலின் பத்திகளுக்குக் கொடுத்த எண்ணையே உரையும் உரைக்குரையும் பின்பற்றுகின்றன. விநயத்தில் கள் குடிப்பது பற்றிய விதி பாசித்தியப் பகுதியில் 51ஆவது. பர்மியப் பத்தி எண் 326 முதல் 329 வரை. சமந்தபாசாதிகாவிலும் அதற்கு எழுந்த டீகாக்களிலும் அதே எண்ணைத் தேடினால் எல்லா அடுக்கும் ஒரே இடத்தில் திறக்கும். கிணற்றுக்குள் கயிறு விட்ட மாதிரி.

நாகசேனரையும் குண்டலகேசியையும் தேடிப் போனவனுக்குக் கள் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் திகைத்தேன். தமிழ்க் காப்பியம் பற்றிய செய்தி, பிக்குகள் மது அருந்துவது குற்றமா என்ற விவாதத்தின் நடுவில்தான் கிடந்தது.

விதி பிறந்த கதையை விநயமே சொல்கிறது. கோசம்பிக்கு அருகே ஒரு நாகத்தை இருத்தியால் அடக்கியவர் சாகதர் என்ற பிக்கு. ஊர்மக்கள் அவருக்கு ஏதாவது அரிய பொருள் கொடுக்க விரும்புகிறார்கள். குறும்புக்கார அறுவர் குழுப் பிக்குகள் புறாநிறக் கள் ஒன்றின் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வீடு குடித்த சாகதர் நகர வாசலில் விழுந்து கிடக்கிறார். புத்தர் அவரைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார். படுக்க வைத்தால், அவர் புரண்டு புத்தர் பக்கம் காலை நீட்டுகிறார். நாகத்தை அடக்கிய இவரால் இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்பையாவது அடக்க முடியுமா என்று புத்தர் கேட்கிறார். பிறகு விதி. விதியின் விளக்கத்தில் ஒரு நுணுக்கம்: மதுவை மது அல்ல என்று எண்ணிக் குடித்தாலும் குற்றம் குற்றமே.

இங்கேதான் உரைகாரர்களுக்குத் தலைவலி. சமந்தபாசாதிகா இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. அறியாமல் குடித்தாலும் குற்றம் உண்டு என்பதால் இது எண்ணம் வேண்டாத குற்றம். அகுசல மனத்தோடு மட்டுமே குடிக்க முடியும் என்பதால் இது உலகமே பழிக்கும் குற்றம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முட்டுகிறது. தெரியாமல் குடித்தவனின் மனம் எப்படி அகுசலமாகும்? கசாயம் என்று நினைத்து ஒரு கிண்ணம் குடித்த பிக்குவுக்கு விநயக் குற்றம் இருக்கட்டும், பாவமும் உண்டா?

பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் வாழ்ந்த பெரும் அறிஞர் சாரிபுத்தர். அவர் எழுதிய சாரத்ததீபனீ என்ற டீகா, தெரிந்து குடிக்கும்போதுதான் மனம் அகுசலம் என்ற பக்கம் சாய்கிறது. காசபர் அதை மறுக்கிறார். மறுக்கும்போதுதான், இந்தத் தவறான கொள்கை எங்கிருந்து வந்தது என்று ஒரு பழைய கதையை இழுத்து வருகிறார்.

அவர் சொல்வதை என் சொற்களில் தருகிறேன். முன்னொரு காலத்தில் இந்தத் தமிழ்நாட்டில் நாகசேனர் என்ற ஒரு தேரர் இருந்தார். கொள்கையில் பிளவுபட்டவர். பிறசமயத்தாரின் வாதங்களை எப்படி நசுக்குவது என்று காட்டுவதற்காகக் குண்டலகேசியின் கதையைத் தமிழ்க் காவிய வடிவில் கொண்டுவந்தார். அதில், தெரிந்து குடித்தால்தான் அகுசலம் என்ற கருத்தைப் புகுத்தினார். முற்றறிவு உடைய புத்தருங்கூட எல்லையற்ற பொருள்களை அவற்றின் பொது இயல்பால்தான் அறிய முடியும், தனித்தனி இயல்பால் அல்ல. அறிவுக்குள் அடங்கினால் எல்லையின்மை கெட்டுவிடுமே என்ற வாதத்தையும் சேர்த்தார். ஆள் என்ற வழக்கும் நாமரூபம் போலத் தனியொரு மெய்ப்பொருளே என்ற இன்னொன்றையும் சேர்த்தார். அந்தக் காவியத்தைப் பற்றிக்கொண்டு இந்தக் கொள்கை விநயத் தீர்ப்புக்குள்ளும் நுழைந்துவிட்டது. பிறகு புத்தப்பிரிய மகாதேரர் வந்து துப்புரவாக்கினார். ஆனால் சாரத்ததீபனீயின் வாசகத்தைச் சாக்காக வைத்துச் சிலர் மறுபடி தலைதூக்கினார்கள். மூத்த தேரர்கள் விசாரித்து, கண்டித்து, அந்தக் கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிக்குகளை அதிலிருந்து விலக்கினார்கள். நீண்ட காலம் சென்றுதான் அது அடங்கியது. இன்னொருவர் இப்படித் தடுமாறக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று காசபர் முடிக்கிறார்.

இதை முதன்முறை வாசித்த இரவில் நான் தூங்கவில்லை. விழா மலர் ஒற்றை வரியில் தாண்டிப் போன இடத்தில் இவ்வளவு இருந்தது. ஒரு தமிழ்க் காவியத்தை ஆதாரமாகக் காட்டி பிக்குகள் விநயத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் பௌத்தம் என்பது பாளியிலும் சமஸ்கிருதத்திலும் இருந்ததை ஊர்ச்சனத்துக்குச் சொல்லிக்கொடுத்த கீழ்த்தட்டு வேலை என்ற எண்ணம் நம் இலக்கிய வரலாறுகளில் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது. காசபரின் முறைப்பாடு அதற்கு நேர் எதிரான சாட்சி. கதை மேலே போய்ச் சங்கத்தின் சட்டத்தையே அசைத்திருக்கிறது. அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதால்தான் நமக்கு அது தெரியவந்தது.

ஆனால் என் பாளி மீது எனக்கு நம்பிக்கை இல்லை. நாகசேனர் எழுதினார் என்றுதானே இருக்க வேண்டும், நான் ஏன் ‘கொண்டுவந்தார்’ என்று மொழிபெயர்த்தேன்? வினைச்சொல் இடறியது. இந்த நகரத்தின் புறத்தே ஒரு சிங்கள விகாரை இருக்கிறது. இருபது வருடம் அதன் வாசலால் காரில் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. ஏன் என்று விளக்கத் தேவையில்லை. அச்செடுத்த தாளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வயதான ஒரு ஹாமுதுரு வெளியே இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். தமிழரா என்று கேட்டார். ஓம் என்றேன். விநயத்தில் என்ன வேலை என்று கேட்டுச் சிரித்துவிட்டு, தும்புத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். உரக்க, ராகத்தோடு வாசித்தார். நான் மௌனமாக எழுத்துக்கூட்டியபோது கற்களாகக் கிடந்த சொற்கள் அவர் வாயில் ஒரு வாக்கியமாக ஓடின.

“மாத்தயா, இது கரோந்தோ இல்லை, காரேந்தோ,” என்றார்.

கரோந்தோ என்றால் செய்கிறவர். காரேந்தோ என்றால் செய்விக்கிறவர். தன்வினையும் பிறவினையும். தமிழில் ‘செய்’, ‘செய்வி’ என்று சொல்வதுபோல. வாக்கியத்தின் முடிவிலும் பிறவினைதான்: காவியத்தைக் கட்டினார் என்றில்லை, கட்டுவித்தார். நடுவில் ‘கவி’ என்ற சொல் தனியாக நிற்கிறது. அந்தக் கவிக்கு நாகசேனர் கருத்துகளை உபதேசித்தார் என்று வருகிறது. பாளியில் பிறவினையைச் சிலவேளை தளர்வாகத் தன்வினைபோல் ஆள்வதுண்டு. இங்கே அப்படிக் கொள்ள வழியில்லை, ஏனென்றால் எழுதியவர் வேறொருவராக அதே வாக்கியத்தில் நிற்கிறார்.

ஆகவே விழா மலரின் வரி தவறு. நாகசேனர் குண்டலகேசியை எழுதியதாகக் காசபர் சொல்லவில்லை. எழுதச் செய்தார், வாதங்களைக் கொடுத்தார் என்கிறார். கவி யார் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது பொருட்டில்லை. அவருடைய கோபம் பிக்கு மீதுதான். நாதகுத்தனார் என்ற பெயரை இந்தச் செய்தி இடம்பெயர்க்கவில்லை. அந்தப் பெயர் உட்காரக்கூடிய ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாகசேனரும் நாதகுத்தரும் ஒருவரே என்று பெயர் ஒலியை வைத்துக் கட்டுவதற்கு இந்த வாக்கியம் இடம்கொடுக்காது. அந்தக் கவிதான் நாதகுத்தனார் என்று நான் சொன்னாலும் அது ஊகமே. ஊகம் என்று எழுதி வைப்பேன். அடுத்தவர் ஆதாரம் என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே.

இன்னொரு நியாயமான சந்தேகம் உண்டு. காசபர் சொல்லும் தமிழ்க் காவியமும், நம் ஐம்பெருங்காப்பியக் குண்டலகேசியும் ஒன்றுதானா? நமக்கு மிஞ்சியவை புறத்திரட்டு என்ற தொகை நூல் வழியாக வந்த 19 பாடல்கள். அவை பெரும்பாலும் நிலையாமையும் அறமும் பேசுபவை. அப்படித்தான் இருக்கும், தொகுத்தவர் நீதிப் பாடல்களைத் தேடியவர். வாதங்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. வாதங்கள் தேவைப்பட்டவர் வேறொருவர்: நீலகேசியின் ஆசிரியர். சமணக் காப்பியமான நீலகேசி குண்டலகேசிக்கு மறுப்பாகவே எழுந்தது. அதில் குண்டலகேசி வாதச் சருக்கம் என்றே ஒரு பகுதி உண்டு. சமயதிவாகர வாமன முனிவரின் உரை குண்டலகேசியின் கதைச் சுருக்கத்தையும் தருகிறது. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் உரையோடு அதைப் பதிப்பித்திராவிட்டால் அதுவும் ஏட்டிலேயே இருந்திருக்கும். குண்டலகேசி பிறசமய மறுப்பை நோக்கமாகக் கொண்ட வாதக் காப்பியம் என்பதில் சமணர் சாட்சியும் காசபரின் சாட்சியும் ஒத்துப்போகின்றன. ஒருவரையொருவர் அறியாத, இருவருமே அந்த நூலை வெறுத்த இரண்டு சாட்சிகள் ஒரே அடையாளத்தைச் சொன்னால் நான் நம்பத் தயார்.

காலக்கணக்கும் யோசிக்க வைக்கிறது. நீலகேசியைப் பலரும் 10ஆம் நூற்றாண்டில் வைப்பர். குண்டலகேசி அதற்கு முந்தியது. காசபர் சாரத்ததீபனீக்குப் பிறகு எழுதுகிறார். சாரத்ததீபனீயோ 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. ஆக, அந்தக் காவியம் தோன்றிக் குறைந்தது இருநூறு வருடங்களுக்குப் பிறகும் அதன் பெயரைச் சொல்லி ஒரு டீகாகாரர் எச்சரிக்க வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்ததை லெய்டன் செப்பேடுகளில் படிக்கிறோம். புத்தமித்திரர் சோழன் பெயரில் வீரசோழியம் எழுதியதையும் படிக்கிறோம். அந்த விகாரைகளுக்குள் பிக்குகள் என்ன கதைத்தார்கள், எதற்காகச் சண்டைபிடித்தார்கள் என்பதைச் செப்பேடு சொல்லாது. கள் பற்றிய 329ஆம் பத்தி கொஞ்சம் சொல்கிறது.

பர்மியப் பதிப்பில் காசபர் சாரத்ததீபனீயைக் குறிப்பிடும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு மேற்கோள் எண் இருக்கிறது. அதைக் காசபர் எழுதவில்லை. பதிப்பித்த பர்மியப் பிக்குகள் வாசகனுக்காகச் சேர்த்தது. அந்த எண்ணைத் தொடர்ந்து போனால் சாரிபுத்தரின் வாசகம் சரியாக அந்த இடத்தில் இருக்கிறது. காசபர் அவரைத் திரித்துச் சொன்னாரா என்று நீங்களே ஒப்பிடலாம். நான் ஒப்பிட்ட அளவில் திரிக்கவில்லை. ஆனால் சாரிபுத்தரின் தயக்கத்தைக் கொஞ்சம் கடுமையாக வாசித்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. குண்டலகேசி பற்றிய வரிக்கு அப்படி அடைப்புக்குறி எதுவும் இல்லை. பதிப்பாசிரியர்களுக்குக் காட்ட நூல் கிடைக்கவில்லை.

தாளைத் திருப்பித் தரும்போது ஹாமுதுரு இன்னொரு சொல்லையும் விரலால் தொட்டுக் காட்டினார். ‘இமஸ்மிம்’. இந்த என்று அர்த்தம். தமிழ்நாட்டில் என்று எழுதினால் போதும், ‘இந்தத்’ தமிழ்நாட்டில் என்று ஏன் எழுதினார் தெரியுமா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. “அங்கே இருந்துகொண்டு எழுதினபடியால்,” என்று அவரே சொல்லிவிட்டு, தும்புத்தடியை எடுத்துக்கொண்டு மிச்ச இலைகளைக் கூட்டப் போனார்.